அத்தியாயம் 7: சுரங்கம் ஓய்ந்த நிலத்தில் தோப்பு

வயலில் மரம் நடுகிறவருக்கு மண் கையில் இருக்கிறது. சுரங்கமோ குவாரியோ ஓய்ந்த இடத்தில் அது கிடையாது. அங்கே காலடியில் கிடப்பது வெடிவைத்து உடைத்த பாறைத்தூள், ஆழத்திலிருந்து புரட்டிப் போட்ட களி, டிப்பர் லாரிகள் ஏறி ஏறி இறுக்கிய சரளை. மட்கு இல்லை, மண்புழு இல்லை, வேரோடு கூடி வாழும் பூஞ்சையும் இல்லை. இப்படிப்பட்ட தரையில் குழி தோண்டிக் கன்று வைத்தால் மழைக்காலம் முழுக்கப் பச்சையாக நிற்கும். சித்திரை வெயிலில் குச்சியாகிவிடும்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் கன்று நடுவது பாதிக்கு மேல்தான் வரும். ஒதுக்கிய பணத்திலும் நாளிலும் பாதியைக் கன்று வந்து இறங்குவதற்கு முன்பே மண்ணுக்குச் செலவிடுங்கள். மீதிப் பாதி அப்போதுதான் வீணாகாது.

1. எந்த நிலம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"சுரங்க நிலம்" என்று பொதுவாகச் சொன்னாலும், தமிழ்நாட்டிலேயே அது நான்கு வகையாக இருக்கிறது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குக் கேடாகலாம்.

*பழுப்பு நிலக்கரிச் சுரங்க மேடு.* நெய்வேலியில் 1957-இல் தோண்டத் தொடங்கியது முதல், நிலக்கரிக்கு மேலே கிடந்த மணற்பாறையும் களியும் எடுக்கப்பட்டு மேடுகளாகக் குவிகின்றன. இந்தக் கழிவுமண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. மணல் மிகுந்த பகுதியில் நீர் நிற்காமல் இறங்கிவிடும். களி மிகுந்த பகுதியில் இறங்கவே இறங்காது. ஒரே மேட்டில் இருபது அடி தள்ளி நின்றால் மண் மாறியிருக்கும்.

*சுண்ணாம்புக்கல் குவாரி.* அரியலூர், கல்லக்குடி வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகள் தோண்டிய பள்ளங்கள் இந்த வகை. காரத்தன்மை அதிகம். மண்ணில் இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறை என்று கொள்ளுங்கள்.

*வெள்ளைக்கல் சுரங்கம்.* சேலத்து மேக்னசைட் மேடுகளில் மெக்னீசியம் மிதமிஞ்சி இருக்கும். சுண்ணாம்புச் சத்து அதற்கு ஈடாக இருக்காது. ஜிப்சம் இட்டால் அந்த ஏற்றத்தாழ்வு குறையும். மூலப்பாறையில் நிக்கல், குரோமியம் கலந்திருக்க வாய்ப்புண்டு. பரிசோதனை முடிவு வரும்வரை அங்கே பழமரமோ தீவனப் பயிரோ வேண்டாம்.

*கருங்கல், கிராவல் குவாரி.* இங்கே நஞ்சு என்று பெரிதாக எதுவும் இல்லை, மண்ணும் இல்லை. மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். முடியாத இடத்தில் பாறையை விட்டுவிட்டு, ஓரத்துக் கழிவு மேட்டில் மட்டும் மரம் வளர்ப்பதே புத்திசாலித்தனம்.

2. நான்கு சோதனைகள்

*கம்பிச் சோதனை.* நான்கு அடி நீள இரும்புக் கம்பியை, மழை பெய்து இரண்டு நாள் கழித்து, இரு கைகளாலும் அழுத்துங்கள். இரண்டு அடிக்குமேல் இறங்கினால் நல்லது. அரை அடியில் முட்டினால் வேரும் அங்கேதான் முட்டும். ஏக்கருக்கு இருபது இடத்திலாவது அழுத்திப் பார்த்து, முட்டிய ஆழத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

*தண்ணீர்ச் சோதனை.* ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வற்ற விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். சில நிமிடங்களில் காணாமல் போனால் மணல்: ஏரி வண்டல், எரு வேண்டும். மறுநாள் காலையிலும் நின்றால் இறுக்கம் அல்லது களி: உடைத்துவிட வேண்டும்.

*அமிலச் சோதனை.* கார அமில நிலையைக் காட்டும் தாள் உரக்கடையிலோ ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலோ கிடைக்கும். மண்ணில் ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நிலக்கரி சார்ந்த மேட்டில் துருநிற நீர் கசிந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருக்கலாம். வழக்கமான மண் பரிசோதனை இன்றைய அமிலத்தை மட்டுமே காட்டும். இனி உருவாகப்போவதைக் காட்டாது. ஆகவே ஆய்வகத்தில் கந்தக அளவையும் கேட்டு வாங்கி, அதற்கேற்பச் சுண்ணாம்பு இடுங்கள்.

*ஆய்வகச் சோதனை.* மேட்டின் உச்சி, சரிவு, அடிவாரம் மூன்றிலும் தனித்தனி மாதிரி எடுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் வருகிற சராசரி எந்த இடத்துக்கும் பொருந்தாது.

3. சட்டமும் பாதுகாப்பும்

சுரங்கத்தை மூடுவது குத்தகைதாரரின் பொறுப்பு. குத்தகைக்கு உட்பட்ட சுரங்கத்துக்கு மூடல் திட்டம் இருக்கும். மேல்மண்ணைத் தனியே எடுத்துப் பயன்படுத்தவேண்டிய கடமையும் உண்டு. தோண்டி முடித்த இடத்தில் புல் வளர்த்து, தீவனத்துக்கும் செடிகொடிக்கும் உயிரினங்களுக்கும் ஏற்ற நிலைக்குக் குத்தகைதாரர் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. ஊராட்சியோ தன்னார்வக் குழுவோ வேலையை ஏற்கும்முன், மூடல் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, செலவு யாருடையது, வளரும் மரம் யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பள்ளத்தின் விளிம்பில் வேலை செய்யும்முன் வேலி போடுங்கள். குவாரிக் குட்டை திடீரென ஆழமாகும். ஏற வழி இருக்காது. மேட்டின் மொத்தச் சரிவு 28 பாகைக்குமேல் போகக்கூடாது என்பது சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக வரும் நிபந்தனை. அதைவிடச் செங்குத்தான மேட்டில் மரம் நட்டு நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் பொக்லைன் வைத்துப் படிப்படியாக வெட்டிச் சரிவைக் குறையுங்கள்.

4. மேல்மண்: கிடைத்தால் விடாதீர்கள்

சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நல்ல காலம். புதிதாகத் திறக்கும் இடத்தின் மேல் ஓரடி மண்ணைத் தனியாக வழித்து, முடிந்தால் அன்றே மூடல் நடக்கும் இடத்தில் பரப்பச் சொல்லுங்கள். அந்த மண்ணில் எருவைவிட விலைமதிப்பான சரக்கு இருக்கிறது: உள்ளூர்ப் புல், செடி விதைகளும், வேர்ப்பூஞ்சையும்.

சேமித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஐந்தாறு அடிக்குமேல் குவிக்காதீர்கள். உயரக் குவியலின் உட்புறத்தில் காற்றில்லாமல் உயிர்கள் மடியும். குவியல்மேல் கொளுஞ்சியோ சணப்போ விதைத்துவிட்டால் மண் கரையாது, உயிரும் தங்கும். குவியலின்மேல் வண்டி ஏறவிடாதீர்கள்.

மேல்மண் இல்லாத பழைய மேட்டுக்கு அடுத்த நல்ல பொருள் ஏரி வண்டல். அனுமதி பெற்று எடுத்து, மணல் மிகுந்த மேட்டில் பரப்புங்கள். களி மேட்டுக்கு வண்டல் வேண்டாம். அங்கே மட்கிய எரு, தென்னை நார்க் கழிவு மட்கு, நொறுங்கிய இலை ஆகியவையே பயன்தரும்.

5. இறுக்கத்தை உடைத்தல்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

அமெரிக்காவின் அப்பலேச்சிய நிலக்கரி மலைகளில் 1977-இல் வந்த சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தைச் சமன்செய்து மூடச் சொன்னது. நிறுவனங்கள் மண் சரியாமல் இருக்கப் புல்டோசரால் வழவழவென்று அழுத்தி, அடர்த்தியான புல்லை விதைத்தன. பார்வைக்கு அழகாக இருந்தது, மரம் வளரவில்லை. வேர் இறங்க முடியவில்லை, இறங்கிய வேரின் தண்ணீரைப் புல் குடித்தது. பிறகு வகுக்கப்பட்டு, 2004 முதல் அரசு முயற்சியாகப் பரப்பப்படும் முறையின் சாரம் இதுதான்: வேர் இறங்கக் குறைந்தது நான்கு அடி நல்ல மண், அதை அழுத்தாமல் விடுவது, மரத்தோடு போட்டியிடாத மூடுபயிர், முன்னோடி மரமும் பயன்மரமும் கலந்த நடவு, ஒழுங்கான நடும் முறை.

நம்மூரில் இதை இப்படிச் செய்யலாம்:

- புதிதாகக் கொட்டும் மேடு என்றால், கடைசி நான்கு அடியை டிப்பரிலிருந்து குவியல் குவியலாகப் பக்கத்தில் பக்கத்தில் கொட்டச் சொல்லுங்கள். சின்ன புல்டோசர் ஒரே ஒருமுறை குவியல் முனைகளைத் தட்டிவிட்டுப் போகட்டும். மேடு பள்ளமாகக் கிடப்பது குறையல்ல; அந்தப் பள்ளங்கள்தான் மழைநீரைப் பிடிக்கும்.
- பழைய இறுகிய மேடு என்றால், புல்டோசரின் பின்னால் ரிப்பர் பற்களைப் பொருத்தி மூன்றடி ஆழத்துக்குக் கீறுங்கள். கீறல் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் போகவேண்டும். கீறல்களின் இடைவெளியே பிறகு வரிசை இடைவெளியாகும்.
- கோடையில், மண் உலர்ந்திருக்கும்போது கீறுங்கள். உலர்ந்த மண் நொறுங்கும். ஈரமண் பிளந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.
- கீறிய பிறகு எந்த வண்டியும் ஏறக்கூடாது. தண்ணீர் லாரிக்கு என்று ஒரு தடத்தை முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

இறுகிய தரையில் உடைக்காமல் குழி மட்டும் தோண்டி நல்ல மண் நிரப்புவது, கன்றைப் பூந்தொட்டியில் வைத்ததற்குச் சமம். வேர் குழிக்குள்ளேயே சுற்றும், மழையில் தண்ணீர் தேங்கும், இரண்டாம் கோடையில் மரம் சாயும்.

6. தண்ணீரை நிறுத்துதல்

நெய்வேலி, அரியலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை சில நாளில் கொட்டித் தீர்த்துவிடும். தளர்ந்த மேட்டில் அந்த மழை ஓடைகளை வெட்டிவிடும். மேட்டின் படிகள் வெளிப்புறம் சாயாமல் உட்புறம் சற்றுச் சாய்ந்திருக்கவேண்டும். சரிவில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறு அகழிகள் வெட்டுங்கள். அடிவாரத்தைச் சுற்றி வடிகாலும், அதன் முடிவில் வண்டல் தங்கும் குழியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் உங்கள் மேடு பக்கத்து வயலில் போய்ப் படுக்கும். செங்குத்தான துண்டுகளில் தென்னை நார் வலை விரித்து, வெட்டிவேரை வரிசையாக நடுங்கள். வலை மட்குவதற்குள் வேர் பிடித்துவிடும்.

7. மண்ணுக்கு உயிர்

ஆடியில் பசுந்தாள் விதையுங்கள். தட்டையான இடத்துக்குத் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ. சரிவுக்கும் வறண்ட சரளைக்கும் கொளுஞ்சி 8 கிலோ. கொளுஞ்சி விதையின் தோல் கெட்டியானது. மணலோடு தேய்த்துவிட்டு விதைத்தால் முளைப்பு கூடும். ரைசோபியம் கலந்து விதைப்பது இங்கே கட்டாயம், ஏனென்றால் இந்த மண்ணில் அது இயற்கையாக இருக்க வாய்ப்பில்லை.

பூக்கும்போது அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். உழுது மடக்க வேண்டாம். உழவுக்கு வரும் டிராக்டர் மறுபடி மண்ணை இறுக்கும். ஓராண்டு பொறுக்க முடிந்தால், இரண்டு முறை பசுந்தாள் எடுத்த பிறகு மரம் நடுவது இன்னும் நல்லது.

8. மர வகை

கென்யாவின் மொம்பாசா அருகே பம்புரி சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரியில் 1971-இல் ரெனே ஹாலர் என்பவர் மரம் வளர்க்கத் தொடங்கினார். உப்புநீர் அருகில் உள்ள வெறும் பவளப்பாறைத் தரை. 26 வகை மரங்களை வைத்துப் பார்த்ததில் மூன்று மட்டுமே பிழைத்தன. அவற்றில் ஒன்று நம் சவுக்கு. பிரான்கியா என்ற நுண்ணுயிர் சவுக்கின் வேர்முடிச்சில் தங்கிக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. ஆனால் உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மட்காமல் குவிந்தன. அங்கே செங்கால் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அவை தின்று, கழித்து, ஊசிகள் மண்ணாயின. இன்று அந்த இடம் காடும் விலங்குகளும் உள்ள ஹாலர் பூங்கா.

இதில் நமக்கு இரண்டு பாடம். முதலில் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் முன்னோடி மரம் வேண்டும். அது உதிர்க்கும் இலை மட்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். இந்திய நிலக்கரி மேடுகளில் அதிகம் நடப்பட்ட ஆஸ்திரேலிய அகேசியா ஆரிகுலிபார்மிஸ் வேகமாகப் பச்சைப்படுத்தும். அதன் தடித்த இலை மெதுவாகவே மட்கும். அதைத் தனியே நட்டால் பச்சை கிடைக்கும், மண் கிடைக்க நாளாகும்.

*முன்னோடிகள்:* சவுக்கு, வாகை, உசில், கிளைரிசிடியா, அகத்தி.

*நிலைத்து நிற்பவை:* வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை, ஆச்சா, பூவரசு. சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் வேம்பும் புங்கமும் தாங்கும். மணல் மேட்டில் முந்திரியும் வரும். ஈரம் தங்கும் அடிவாரத்தில் நாவலும் மூங்கிலும்.

*வேண்டாதவை:* சீமைக்கருவேலம் எங்கும் வேண்டாம். தைல மரத்தைத் தனித்தோப்பாக நட வேண்டாம். அதன் அடியில் வேறு எதுவும் எளிதில் எழாது.

பக்கத்தில் பத்து ஆண்டாகக் கைவிடப்பட்ட மேடு இருந்தால் போய்ப் பாருங்கள். தானாக முளைத்து நிற்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் இந்தப் புத்தகத்தின் பட்டியலைவிட உங்கள் மண்ணுக்குப் பொருத்தமானது.

9. கன்றும் நடவும்

ஆளுயரக் கன்று கேட்காதீர்கள். பென்சில் பருமன் தண்டும், ஒன்றரை அடி உயரமும், வெயிலில் பழக்கப்பட்ட இலையும் போதும். பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். பாலித்தீன் பையைக் கழற்றி, எண்ணித் திரும்ப வாங்குங்கள். பையோடு புதைக்கப்பட்ட கன்றுகள் அப்போதுதான் தெரியவரும். சவுக்கில் தேர்ந்த ரகக் கன்றுகளுக்குக் கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தையும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியையும் அணுகலாம்.

முன்னோடி ஒரு வரிசை, நிலைமரம் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி நடுங்கள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று. 3-க்கு 3 என்றால் சுமார் 450. மண் மோசமான இடத்தில் நெருக்கமாக நடுங்கள். நிழல் சீக்கிரம் மூடினால் தரை குளிரும், இலை மட்கும்.

கீறல் கோட்டின் மேல் ஒன்றரை அடிக் குழி. எடுத்த மண்ணிலேயே மூன்றில் ஒரு பங்கு எருவும் வண்டலும் (களி மேட்டில் எரு மட்டும்) கலந்து நிரப்புங்கள். முழுக்க எருவால் நிரப்பினால் வேர் வெளியே வராது. வேம் எனப்படும் வேர்ப்பூஞ்சை உரம் 50 கிராமை வேர் தொடும் இடத்தில் இடுங்கள். டி.ஏ.பி.யை அள்ளிப் போடாதீர்கள். மணிச்சத்து மிகுந்தால் அந்தப் பூஞ்சை வேரோடு சேராது. யூரியா போட்டால் களைதான் முதலில் எழும்பும்.

புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசிக்குள் நட்டு முடியுங்கள். கார்த்திகை தாண்டி நட்ட கன்று வேர் பிடிக்குமுன் மழை ஓய்ந்துவிடும்.

10. மூன்று கோடைகள்

*தண்ணீர்.* தினம் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை பத்து லிட்டர், இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. குவாரிக் குட்டை நீரை உப்பு பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

*மூடாக்கு.* கன்றைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு வைக்கோலோ அறுத்த கொளுஞ்சியோ. தண்டை ஒட்டாமல் நான்கு விரல் விட்டுப் போடுங்கள்.

*ஆடு.* ஊரின் மேய்ச்சல் இடத்தை முழுதாக அடைத்தால் வேலி நிற்காது. தோப்பைப் பகுதிகளாகப் பிரித்து, இந்த ஆண்டு எது அடைப்பு, எது திறப்பு என்று மேய்ப்பவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். கிளுவைப் போத்து நட்டால் சில ஆண்டில் உயிர்வேலி.

*தீ.* மாசி பிறக்கும்முன் சுற்றிலும் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடம் போடுங்கள்.

11. எண்ணுதலும் கணக்கும்

நட்ட எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுவது எளிது. உயிரோடு இருப்பதை எண்ணுங்கள்: பத்து வரிசைக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு ஆண்டும் ஆடியில். செத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் காரணம் தானே தெரியும்.

- நீண்ட கோடாகச் செத்திருந்தால்: வண்டித் தடம். மறுபடி கீறாமல் நடாதீர்கள்.
- பள்ளத்தில் மட்டும் செத்திருந்தால்: நீர்த்தேக்கம். வடிகால் வெட்டுங்கள்.
- உச்சியிலும் மேற்குச் சரிவிலும் செத்திருந்தால்: வறட்சி. மூடாக்கும் முன்னோடி மரமும் கூட்டுங்கள்.
- திட்டுத் திட்டாக, சுற்றிலும் புல்கூட இல்லாமல் செத்திருந்தால்: அமிலம் அல்லது உப்பு. அந்தத் திட்டில் மாதிரி எடுத்து அனுப்புங்கள்.
- நுனி மேய்ந்து குட்டையாக நின்றால்: ஆடு. பேச்சுவார்த்தைதான் மருந்து.

காரணம் தெரியாமல் இடைவெளி நிரப்புவது அதே பிழையை இரண்டாம் முறை பணம் கொடுத்துச் செய்வது.

நான்கு, ஐந்தாம் ஆண்டில் சவுக்கை வெட்டி விற்கலாம். கழியாகவும் காகிதக் கூழுக்கும் போகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒரு மரமாக எடுங்கள். அடிக்கட்டையையும் வேரையும் தோண்டாமல் விடுங்கள். கிளையும் தழையும் தோப்பிலேயே கிடக்கட்டும். வருகிற பணத்தில் ஒரு பகுதியை அடுத்த மேட்டைக் கீறுவதற்கு ஒதுக்குங்கள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இரும்புக் கம்பி இப்போது எத்தனை அடி இறங்குகிறது? போன ஆண்டு உதிர்ந்த இலை மட்கியிருக்கிறதா? நாம் நடாத மரத்தின் கன்று எங்காவது தானாக முளைத்திருக்கிறதா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் அங்கே மண் உருவாகத் தொடங்கிவிட்டது. நீங்கள் அடுத்த மேட்டுக்குப் போகலாம். ஒன்றுக்கேனும் வராவிட்டால், மரங்கள் எவ்வளவு உயரமாக நின்றாலும் அந்த மேட்டின் வேலையை முடிந்ததாகக் காட்டி மூடல் சான்றுக்கு அனுப்பாதீர்கள்.